குட்டைக் கால் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் "மடியில் வைத்துக் கொஞ்சுகிற குட்டி நாய்களில் முக்கால்வாசி ஒரு காலத்தில் உழைத்துச் சாப்பிட்டவை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் ஃபிளாட்டுக்கு ஒரு குட்டி நாய் இருக்கும் போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சுதான். பூனைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சார், எங்கள் டாஷ்ஹண்டுக்கு இரண்டு வயது. மாடியில் வைத்திருக்கிற செடித்தொட்டி ஒன்று விடாமல் தோண்டிப் போடுகிறது. உயரம் முழங்கால் வரைக்கும்கூட இல்லை, ஆனால் குரைத்தால் கீழ்வீட்டுக்காரர் "அல்சேஷன் வாங்கிட்டீங்களா?" என்று கேட்கிறார். ஆள் வைத்துப் பழக்கியும் திருந்தவில்லை. இது என்ன கோளாறு?
– கோவை வாசகி

கோளாறெல்லாம் இல்லை அம்மா, அது தன் வேலையைப் பார்க்கிறது. (இந்த வாரக் கடிதங்களில் மட்டும் இந்த நாயின் பெயரை ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். உங்களுடையதையே எடுத்துக்கொள்கிறேன்.) ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்றால் வளைக்கரடி, ஹுண்ட் என்றால் நாய். வளைக்கரடி பெயருக்குத்தான் கரடி, மண்ணுக்கடியில் சுரங்கம் மாதிரி வளை தோண்டிக் குடியிருக்கிற பிராணி. பத்துக் கிலோவுக்கு மேல் வளரும், மூலையில் மடக்கினால் முகத்தைக் கிழித்துவிடும். அப்பேர்ப்பட்ட ஒன்றை அதன் வீட்டுக்குள்ளேயே, கும்மிருட்டில், தன்னந்தனியாகப் போய்ச் சந்திக்க ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நாய்தான் உங்கள் வீட்டில் தொட்டியைக் கவிழ்க்கிறது.

இன்று ராத்திரி அதை மடியில் மல்லாக்கப் போட்டு முன்னங்காலைப் பிடித்துப் பாருங்கள். பின் பாதத்தைவிட முன் பாதம் அகலமாக, விரல்கள் நெருக்கி, சின்ன மண்வெட்டி மாதிரி இருக்கும். கழுத்துத் தோலை லேசாக இழுத்தால் தாராளமாகக் கையோடு வரும், அது குறுகலான வளையில் வேரில் மாட்டினாலும் கிழியாமல் இருப்பதற்கு. தொங்கும் காது மண் உள்ளே போகாமல் மூடிக்கொள்ளும். நெஞ்சுக்கூடு உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு ஆழமானது, காற்று கம்மியான இடத்தில் மூச்சு தாங்க வேண்டுமே. அப்புறம் அந்தக் குரல். வேட்டைக்காரர் மேலே தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார், சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே தோண்டி இறங்குவார். சத்தம் கேட்காத நாயை எங்கே என்று தோண்டுவது? ஜெர்மனியில் இன்றைக்கும் இந்த நாயை எடை பார்த்துப் பிரிப்பதில்லை, நெஞ்சைச் சுற்றி நாடா வைத்து அளக்கிறார்கள். ரொம்பச் சின்ன ரகத்துக்குப் பெயரே 'முயல் டாஷ்ஹண்ட்', அதாவது முயல் வளைக்குள் நுழைகிற அளவு. அந்த ஊரில் இதற்கு இருக்கிற மரியாதையும் தனி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னம் வால்டி என்ற டாஷ்ஹண்ட்தான், மாரத்தான் ஓடும் பாதையையே அதன் உருவத்தில் வளைத்துப் போட்டிருந்தார்கள்.

குட்டைக் காலுக்கு வருவோம். 2009இல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு இந்த நாய்களில் கூடுதலாக ஒரு நகல் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கால் எலும்பு சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது, டாஷ்ஹண்ட், கார்கி, பாசெட் ஹவுண்ட் என்று குறைந்தது 19 இனங்களில் அதே நகல்தான் என்று கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு நகல்தான் முதுகுத்தண்டு வட்டுகளைச் சீக்கிரம் கெட்டிப்படவைக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு டாஷ்ஹண்டுக்கு வாழ்நாளில் எப்போதாவது முதுகுப் பிரச்சினை வருகிறது. எங்கள் வீட்டில் இருந்த டாஷ்ஹண்ட் ஒருநாள் சோபாவிலிருந்து குதித்துவிட்டுப் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டே சமையலறை வரை வந்தது. முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதில் இரண்டு நாள் போனது. அதனால் சொல்கிறேன், சோபாவுக்கும் கட்டிலுக்கும் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டுவிடுங்கள், தொந்தி வைக்க விடாதீர்கள், தூக்கும்போது ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை இடுப்பிலும் இருக்கட்டும். தோண்டுவதைத் தடுக்க முடியாது. பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மணலைக் கொட்டி உள்ளே நாலு பிஸ்கட்டைப் புதைத்துவிட்டால் உங்கள் ரோஜா பிழைக்கும்.

கேள்வி: யார்க்ஷயர் டெரியர் தலையில் ரிப்பன் கட்டி, அழகு நிலையத்துக்கெல்லாம் போய்வருகிற நாய். அது எலி பிடித்தது என்று யாரோ சொன்னார்கள். நம்புகிற மாதிரியா இருக்கிறது?
– ஒரு வாசகர், ஈரோடு

ஈரோட்டுக்காரர் கேட்டதில் பொருத்தம் இருக்கிறது, ஏனென்றால் இது தறிக்காரர்களின் நாய். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து நெசவாளிகள் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பக்கத்து ஆலைகளுக்கு வந்தார்கள். வரும்போது தங்கள் ஊர் சின்ன டெரியர்களையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஆலை என்றால் எலி, தொழிலாளி குடியிருந்த நெருக்கமான வீடு என்றாலும் எலி. பெரிய நாய்க்குச் சோறு போட வசதி கிடையாது, இது கிடைத்ததைத் தின்றுவிட்டு மூட்டைக்கும் எந்திரத்துக்கும் நடுவில் புகுந்து புறப்படும். அந்தப் பட்டு முடியைப் பார்த்து "இதையும் தறியிலேயே நெய்தார்கள்" என்று அந்தக் காலத்தில் கேலி பேசுவார்களாம். இன்றைய யார்க்கிகளுக்கெல்லாம் மூலபுருஷன் என்று சொல்லப்படுவது 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென். கண்காட்சியிலும் பரிசு, எலி பிடிக்கும் போட்டியிலும் பரிசு. ஆறே வயதில், 1871இல், வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது.

எலி பிடிக்கும் போட்டி என்றதும் நம் ஊர் சேவல் சண்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாட்டையும் கரடியையும் கட்டிப்போட்டு நாயை ஏவும் விளையாட்டை 1835இல் பிரிட்டன் சட்டம் போட்டு நிறுத்தியது. பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா, மதுக்கடைக் கூடங்களில் மரத்தடுப்பு அடித்து உள்ளே எலிகளை மூட்டையாகக் கொட்டி, ஒரு நாயை இறக்கி, கையில் கடிகாரத்தோடு நின்றார்கள். 1848 வாக்கில் லண்டன் பன்ஹில் ரோ தெருவில் இப்படி ஒரு கடையில் 'டைனி' என்று ஒரு கறுப்பு டெரியர் இருந்தது. யார்க்கி இல்லை, அதற்குச் சொந்தக்கார ஜாதி. எடை இரண்டரைக் கிலோ. கழுத்து எவ்வளவு சின்னது என்றால் ஒரு பெண்ணின் கைக்காப்பைத்தான் பட்டையாகப் போட்டிருந்தார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் 200 எலிகளைக் கொன்றது. கணக்குப் போட்டால் எலி ஒன்றுக்கு 20 விநாடிகூட இல்லை. எனக்கு இதைப் படித்தபோது பெருமையாக எல்லாம் இல்லை, வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்று, இது ரத்தமில்லாத கதை. இரண்டாம் உலகப் போரில், 1944இல், நியூ கினி காட்டில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த யார்க்கியை பில் வின் என்ற அமெரிக்க வீரர் இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டு கொடுத்து வாங்கி ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார். எடை இரண்டு கிலோவுக்கும் கீழே. அடுத்த வருஷம் பிலிப்பைன்ஸில் லிங்காயென் விமானத் தளத்தில் ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. குழாயின் நீளம் 70 அடி, அகலம் 8 அங்குலம், இடையிடையே மண் சரிந்து பாதி அடைத்துக் கிடந்தது. ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டையில் கம்பியைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் வின் கூப்பிட, அது ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தது. இல்லாவிட்டால் தளத்தைத் தோண்டிப் போட்டு நாள் கணக்கில் குண்டுவீச்சுக்கு நடுவே வேலை செய்திருக்க வேண்டும். எலி வளைக்குள் போகப் பொறுக்கிய உடம்பு, குழாய்க்கும் சரியாக இருந்திருக்கிறது.

கேள்வி: டெரியர் டெரியர் என்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன?
– நாகர்கோவில் வாசகர்

லத்தீனில் டெர்ரா என்றால் மண், நிலம். அதிலிருந்து வந்தது. மண்ணுக்குள் போகிற நாய். ஜாக் ரஸ்ஸல் டெரியருக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் ரஸ்ஸல் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார், அங்கிருந்து தொடங்கியது. அவருக்கு நரியை வளையிலிருந்து விரட்டி வெளியே கொண்டுவந்தால் போதும், உள்ளேயே கொன்றுவிடக் கூடாது, பின்னால் குதிரையில் துரத்துகிறவர்களுக்கு வேலை வேண்டுமே. உடம்பு வெள்ளையாக இருப்பதும் காரணமாகத்தான். செம்பட்டை நாயாக இருந்தால் புதருக்குள் நரி எது நாய் எது என்று குழம்பிவிடும்.

கேள்வி: ஹட்ச் நாய் என்ன வேலை பார்த்தது? (மனைவியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், சீக்கிரம் பதில் போடவும்.)
– தாம்பரம் வாசகர்

ஹட்ச் செல்போன் கம்பெனியின் நாய் பக் இனம். 2003 வாக்கில் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போனது, அதுதான் அது பார்த்த கடினமான வேலை. பந்தயத்தில் நீங்கள் எந்தப் பக்கமோ தெரியாது, ஆனால் பக் வேட்டைக்கோ காவலுக்கோ என்று உருவாக்கிய நாய் இல்லை. சீனாவில் அரசர்கள், பிரபுக்கள் வீட்டில் பக்கத்தில் உட்காருவதற்கென்றே வளர்ந்தது. டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பா போய், அங்கும் அரண்மனையிலேயே உட்கார்ந்தது. இதன் சீனத்து உறவு பெக்கிங்கீஸுக்கு இன்னும் பெரிய இடம். 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது அங்கே ஐந்து பெக்கிங்கீஸ் நாய்கள் கிடைத்தன. ஒன்று விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகப் போனது. அதற்கு 'லூட்டி' என்று பெயர் வைத்தார்கள். கொள்ளையடித்தது என்று அர்த்தம். அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'லூட்'தான். திருடிய பொருளுக்குத் திருட்டு என்றே பெயர் வைத்துக் கூப்பிட ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் தாம்பரம் சார், ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745இல் தன் பக் நாயோடு தன்னையே வரைந்த படம் லண்டனில் இருக்கிறது. அதில் அந்த நாய்க்கு மூக்கு இருக்கிறது! கால் உயரமாக, முகம் கொஞ்சம் நீண்டு, நாய் மாதிரியே இருக்கிறது. இப்போது இருப்பது போலத் தட்டையாக இடித்து வைத்ததெல்லாம் அப்புறம் கண்காட்சிக்காரர்கள் செய்த வேலை. மூக்கைக் குறைத்தவர்கள் உள்ளே இருக்கிற சதையைக் குறைக்கவில்லை, அதனால்தான் ராத்திரி அந்தக் குறட்டை. நாய்க்கு வியர்த்துக் கொட்டி உடம்பு குளிராது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், மூச்சுக்குழலே அடைப்பு என்றால் நம் ஊர் மே மாதத்தில் அது என்ன செய்யும்? ஐரோப்பாவுக்குப் பக்கைக் கொண்டுபோன நெதர்லாந்திலேயே இன்றைக்கு இவ்வளவு குட்டை மூக்கு நாய்களை இனப்பெருக்கம் செய்ய அனுமதி இல்லை. நடைக்குக் கூட்டிப்போவதை விடியற்காலையில் முடித்துவிடுங்கள், கழுத்தில் பட்டை வேண்டாம், நெஞ்சில் மாட்டுகிற வார் போடுங்கள்.

கேள்வி: நாலாவது மாடி. லிஃப்ட் கதவு எந்த மாடியில் திறந்தாலும் எங்கள் லாசா ஆப்சோ குரைக்கிறது. அசோசியேஷனில் இருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள்.
– சென்னை வாசகி

அதன் முன்னோர்கள் திபெத்தில் மடாலயத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் உள்காவல். வெளியே வாசலில் கன்றுக்குட்டி உயரத்துக்கு மாஸ்டிஃப் நாயைக் கட்டியிருப்பார்கள், கடிப்பது அதன் பொறுப்பு. அதையும் தாண்டி ஒரு ஆள் உள்ளே நுழைந்தால் சத்தம் போட்டு எழுப்புவது ஆப்சோவின் பொறுப்பு. காது அப்படி. தெரிந்தவர் காலடி, தெரியாதவர் காலடி என்று பிரித்துப் பார்க்கும், தெரியாதவரை அவ்வளவு சுலபத்தில் ஏற்காது. நாலு மாடிக்கும் வருகிறவர் போகிறவரை எல்லாம் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் படுக்கையை வாசல்கதவிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள், குரைத்ததும் ஓடிவந்து அதட்டாமல் "சரி, பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு ஏதாவது கொடுங்கள். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு அசோசியேஷன்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கார்கி வாங்கினோம். குழந்தைகள் ஓடினால் பின்னாலேயே போய்க் குதிகாலைக் கவ்வுகிறது. கடிநாயா?
– பெங்களூரிலிருந்து ஒரு தமிழ் வாசகர்

மாடு மேய்க்கிற நாய். வேல்ஸ் நாட்டில் மாட்டுக் கூட்டத்தின் குதிகாலைக் கவ்விக் கவ்வியே ஓட்டும். மாடு உதைத்தால் தலைக்கு மேலே போய்விடும், உயரம் அவ்வளவுதானே. உங்கள் பிள்ளைகளை மந்தை சேர்க்கிறது. பந்தைத் தூக்கிப் போட்டுப் பழக்குங்கள், பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள், ஓட்டம் நின்றால் துரத்துவதும் பெரும்பாலும் நிற்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பொமரேனியன் இருந்தது, 14 வருஷம் வாழ்ந்தது. இப்போது கடையில் பொமரேனியன் என்று காட்டுவது உள்ளங்கை அளவில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கிறது. எது அசல்?
– மதுரை வாசகி

நீங்கள் வளர்த்தது வெள்ளை நிறம், நரி முகம், தட்டு நிறையச் சாம்பார் சாதம், வாசலில் தபால்காரர் வந்தால் வீடே இடிகிற சத்தம், சரிதானே? அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே உருவாகி நம் வெயிலுக்குப் பழகிய நாய். நாம் எல்லோரும் அதைப் பொமரேனியன் என்றே கூப்பிட்டு வளர்த்துவிட்டோம், தப்பில்லை, அது கோபித்துக்கொள்ளவும் இல்லை.

அசல் பொமரேனியன் பெயர் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா பகுதியிலிருந்து வந்தது. இன்றைக்கு அந்த நிலம் போலந்திலும் ஜெர்மனியிலுமாகக் கிடக்கிறது. பனிநாட்டில் வண்டி இழுத்த, மந்தை காத்த ஸ்பிட்ஸ் குடும்பம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரண்மனைக்கு வந்தபோதுகூட அது 13 கிலோ வாக்கில் இருந்தது. 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் மார்க்கோ என்று ஒரு சின்னப் பொமரேனியனைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்தார். ராணி சின்னதை வளர்த்தால் ஊரே சின்னதைத்தான் கேட்கும், வளர்ப்பவர்களும் சின்னதையும் சின்னதையும் சேர்த்தார்கள், கொஞ்ச காலத்தில் 13 கிலோ மூன்று கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1901இல் அந்த அம்மா மரணப் படுக்கையில் கிடந்தபோது கட்டிலில் கூட இருந்தது டூரி என்ற பொமரேனியன்.

இவ்வளவு வேகமாக எப்படிச் சுருக்க முடிந்தது என்றால், உருவத்தைச் சின்னதாக்கும் மரபணு மாற்றம் மனிதன் புதிதாகச் செய்ததே இல்லை. சைபீரியாவில் 54,000 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு ஓநாயிடமே அது இருந்திருக்கிறது என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். அது பாட்டுக்குக் காத்துக்கொண்டு கிடந்தது. நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டோம்.

கேள்வி: 'டீ கப்' நாய் என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?
– திருச்சி வாசகி

வேண்டாம். அப்படி ஒரு இனமே கிடையாது, எந்த நாய்ச் சங்கமும் அங்கீகரிக்கவில்லை. குட்டியிலேயே மிகச் சின்னதாக, நோஞ்சானாகப் பிறந்ததைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்ப்பதும், குட்டி வயதை மறைத்து விற்பதும்தான் நடக்கிறது. ஒரு வேளை சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழும், கையிலிருந்து தவறினால் எலும்பு முறியும். இதுவரைக்கும் எழுதிய நாய்களுக்கெல்லாம் ஒரு வேலை இருந்தது, குறைந்தது உட்காருகிற வேலையாவது. இதற்கு இருப்பது கோப்பைக்குள் அடங்குகிற வேலை.

கேள்வி: குட்டி நாய்கள் செய்ததிலேயே விநோதமான வேலை எது?
– புதுச்சேரி வாசகர்

இரண்டு இருக்கிறது, எதை விடுவது என்று தெரியவில்லை.

முதலாவது இங்கிலாந்துச் சமையலறை. அங்கே பெரிய இறைச்சித் துண்டை இரும்புக் கம்பியில் கோத்து அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பையன்கள் சுற்றினார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேலையை நாய்க்கு மாற்றிவிட்டார்கள். சுவரில் கூரைக்குப் பக்கத்தில் மரச்சக்கரம் ஒன்று, எலிக்கூண்டில் இருக்கும் சக்கரம் மாதிரி. அதற்குள் நீள உடம்பும் கோணல் காலுமாக ஒரு நாய் ஓட ஓட, சங்கிலி வழியாகக் கீழே கம்பி சுற்றும். தன் மூக்குக்கு நேரே வறுபடுகிற கறியின் வாசனையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எட்டாது. பெரும்பாலும் இரண்டு நாய்களை முறை வைத்து ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கூட்டிப்போவார்கள், பக்தியினால் அல்ல, குளிரில் காலுக்குக் கதகதப்பாக. பாத் நகரத்து சர்ச்சில் ஒரு பிஷப் பிரசங்கத்தில் பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி பார்த்த 'சக்கரம்' என்று உரக்கச் சொன்னதும், உள்ளே இருந்த சமையல் நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடின என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த நாய்களின் பிழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எந்திரம் வந்ததும் 19ஆம் நூற்றாண்டில் இந்த இனமே இல்லாமல் போய்விட்டது. யாரும் கொஞ்சுவதற்கு வளர்க்கவில்லை. வேல்ஸில் ஆபர்கவெனி அருங்காட்சியகத்தில் விஸ்கி என்ற ஒன்றைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது நார்வேயின் லுண்டஹுண்ட். லுண்ட என்றால் பஃபின் பறவை. கடலோரச் செங்குத்துப் பாறை இடுக்குகளில் கூடு கட்டும். அதைப் பிடித்துவர வளர்த்த ஆறேழு கிலோ நாய்க்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல், பாறையில் பிடித்து ஏறுவதற்கு. முன்னங்கால்கள் இரண்டையும் பக்கவாட்டில் சிலுவை மாதிரி விரிக்கும், தலையைப் பின்னால் மடக்கி நெற்றியை முதுகில் தொடும், காதை மடித்து மூடிக்கொள்ளும். இடுக்குக்குள் திரும்ப இடமில்லாமல் மாட்டினால் வெளியே வர இதெல்லாம் வேண்டும். பறவை பிடிக்க வலை வந்ததும் நாய் தேவையில்லாமல் போனது, வேரோய் என்ற தீவில் ஒரு ஒதுக்குப்புறக் கிராமத்தில் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொள்ளைநோய் வந்து அதையும் துடைத்துப் போட, விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களிலிருந்து திரும்ப வளர்த்தெடுத்தார்கள். அதனால் இன்றைக்கு எல்லாம் நெருங்கிய சொந்தம், பலவற்றுக்குக் குடல் வியாதி.

கேள்வி: வெள்ளைக்காரனுக்கு இத்தனை குட்டி நாய். நம்மிடம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே நெடுநெடு என்று உயரமாகவே இருக்கின்றனவே, ஏன்?
– சங்கரன்கோவில் வாசகர்

உங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற நிலத்தைப் பாருங்கள், பதில் அங்கேயே கிடக்கிறது. கரிசல் காட்டில், பொட்டல் வெளியில் முயல் விரட்ட வேண்டும் என்றால் கண்ணில் பட்டதும் பாய்ந்து ஓடுகிற கால் வேண்டும், குட்டைக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிப்பிப்பாறையும் கன்னியும் அதற்கான உடம்புதான். வளைக்குள் போகிற வேலை நம்மிடமும் இருந்தது, அதை நாய்க்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் வயலில் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மண்பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, அடியில் இருக்கும் ஓட்டையில் வாயை வைத்து ஊதிப் புகையை வளைக்குள் அனுப்புகிறார்கள், மற்ற வாசல்களை முன்னாலேயே மண் வைத்து அடைத்தாயிற்று, அப்புறம் கடப்பாரையால் தோண்டுகிறார்கள். எலியும் கிடைக்கும், அது வளைக்குள் கதிர் கதிராகச் சேர்த்து வைத்திருக்கிற நெல்லும் கிடைக்கும். நான் பார்த்த அன்றைக்கு வரப்பில் ஒரு தெருநாய் உட்கார்ந்து முழுவதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.